செம்பூர்ப் பொங்கல் விழாவுக்குக் கூட்டம் சேர்த்த கதை

மும்பையில் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. மேடையில் ஒரு டஜன் பேர் உட்கார்ந்திருப்பார்கள். முதல் வரிசையில், அடுத்து மேடை ஏறக் காத்திருப்பவர்கள். இரண்டாம் வரிசையில், ஆடப் போகும் பிள்ளைகளின் அம்மாக்கள், கையில் சேஃப்டி பின்னோடு. அதற்குப் பின்னால் நாற்காலிகள் காற்று வாங்கும். ஊரில் தமிழருக்குப் பஞ்சமா என்றால் இல்லை. தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர், சீத்தா கேம்ப், முலுண்ட், டோம்பிவிலி என்று எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் பத்து அடிக்குள் ஒரு தமிழ்க் குரல் காதில் விழும். விழா மண்டபத்தில்தான் விழாது.

எங்களுடையது செம்பூரில் உள்ள ஒரு சின்ன மன்றம். நான் அதில் துணைச் செயலாளர். அதாவது, செயலாளர் செய்யாத எல்லா வேலையும் என் தலையில். வருடா வருடம் பொங்கலை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா நடத்துகிறோம். பாதி ஹால் நிறைந்தாலே தலைவர் பூரித்துப் போகும் நிலைமையிலிருந்து, இப்போது பக்கத்து வகுப்பறை பெஞ்சுகளைத் தூக்கி வந்து போடும் நிலைமைக்கு வந்திருக்கிறோம். பணம் அதிகம் செலவழிக்கவில்லை. சொல்லப்போனால் விளம்பரச் செலவு குறைந்திருக்கிறது. அது எப்படி என்று இரண்டு மூன்று மன்றத்துக்காரர்கள் கேட்டார்கள். போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் நாள். போஸ்டர், வாட்ஸ்அப் எல்லாம் அப்புறம்.

மும்பையில் ஒரு நிகழ்ச்சிக்குப் போட்டி இன்னொரு நிகழ்ச்சி இல்லை, மெகா பிளாக். தண்டவாளப் பராமரிப்புக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ ஒரு பகுதியில் ரயிலை நிறுத்துவார்கள். பெரும்பாலும் காலை 11 மணி வாக்கில் தொடங்கி மாலை 4 மணி வாக்கில் முடியும். எந்தப் பகுதி என்பது வெள்ளி, சனிதான் தெரியவரும். செம்பூர் ஹார்பர் லைன் என்ற ரயில் பாதையில் இருக்கிறது. டோம்பிவிலி, முலுண்டிலிருந்து வருகிறவர்கள் குர்லாவில் மாற வேண்டும். கோரேகாவ், அந்தேரிப் பக்கம் இருப்பவர்கள் வடாலாவில் மாற வேண்டும். குழந்தைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, தலைக்குப் பூ வைத்து, குர்லா பாலத்தில் ஏறி இறங்கி, அங்கே போனால் ரயில் இல்லை என்றால் அந்தக் குடும்பம் அடுத்த வருடமும் வராது. எங்கள் விழா ரொம்ப காலமாகக் காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் சாப்பாட்டோடு முடியும். வரும்போது ரயில் இருக்கும், போகும்போது இருக்காது. அதை மாலை ஐந்து மணிக்கு மாற்றினோம். மன்றத்தின் மூத்தவர்கள், 'பொங்கல் விழாவை யாராவது சாயங்காலம் வைப்பார்களா' என்றார்கள். சூரியனுக்குப் படைப்பதைக் காலையில் நாலு பேர் சேர்ந்து ஹால் வாசலில் செய்துவிடலாம், கூட்டம் மாலையில் வரட்டும் என்று பேசி முடித்தோம். இந்த ஒரு மாற்றம் தந்த பலனை எந்தப் பேனரும் தந்ததில்லை.

ஜனவரியில் எந்த ஞாயிறு என்பதிலும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூன்றாவது ஞாயிறு பெரும்பாலும் மும்பை மாரத்தான். தெற்கு மும்பையில் காலையில் சாலைகளை அடைப்பார்கள். எங்களுக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை, மாட்டுங்காவுக்குத் தெற்கே நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். 26ஆம் தேதியை ஒட்டி வரும் ஞாயிறு என்றால், லீவு சேர்ந்து வந்தால் பாதிப் பேர் லோனாவலா மலையில் இருப்பார்கள். மாதக் கடைசியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிரிலிம், அதாவது பொதுத் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வு, நடக்கும். அந்த வீடுகளில் டிவியே ஓடாது, விழாவுக்கு எங்கே வருவார்கள்! அதனால் பொங்கல் முடிந்த கையோடு வரும் முதல் ஞாயிறுதான் எங்களுக்குத் தோது.

சரி, இப்போது ஆட்களைக் கண்டுபிடிக்கும் விஷயம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

வெளியூரில் தமிழர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது லேசில் தெரியாது. பெரிய அடுக்குமாடிச் சொசைட்டிகளில் கீழே மாட்டியிருக்கும் பெயர்ப் பலகையைப் பார்த்தால் 'எஸ். குமார்' என்று இருக்கும்; அவர் பீகாராகவும் இருக்கலாம், திருச்சியாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள் லிஃப்டில் ஹிந்திதான் பேசுவார்கள். எங்கள் மன்றத்து உறுப்பினர் பட்டியலில் இருந்ததெல்லாம் ஏற்கெனவே வருகிறவர்கள். புதிதாக யாரைக் கூப்பிடுவது?

எங்கள் தெருவுக்கு தினமும் காலையில் சைக்கிளில் இட்லி விற்க ஓர் அண்ணாச்சி வருவார். தாராவியிலிருந்து இப்படி நிறையப் பேர் கிளம்புவார்கள். விடியும் முன்பே இட்லி அவித்து, அலுமினிய டின்னில் அடுக்கி, பாம் பாம் என்று ஹாரனை அமுக்கிக்கொண்டு நகரம் முழுக்கப் பரவுவார்கள். அவரிடம் விழா நோட்டீஸ் கொஞ்சம் கொடுத்து, இட்லி வாங்குகிறவர்களிடம் கொடுக்கச் சொல்லலாம் என்று கீழே போனேன். அவர் நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அக்கா, என்கிட்ட வாங்குறவங்க பாதி குஜராத்தி, மராத்தி. அவங்களுக்கு இதைக் கொடுத்து என்ன பண்ண? வேணும்னா தமிழ் வீடு எதுன்னு நான் சொல்றேன், நீங்க நேர்ல போங்க."

சொன்னது மட்டுமில்லை, சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையோடு விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். எதிர் பில்டிங் பி விங்கில் மூன்றாவது மாடி, காரச் சட்னி கேட்டு வாங்கும் வீடு, மதுரைக்காரர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சாலில் (ஒற்றை அறை வரிசை வீடுகள்) கடைசி மூன்று கதவும் தமிழ்தான், ஆனால் அந்த வீட்டு ஆண்கள் ஷிஃப்ட் வேலை, பத்து மணிக்கு மேல் போக வேண்டும். சொசைட்டி ஆபீசுக்கு மேலே ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், மகன் துபாயில், யாராவது கூட்டிப் போனால் வருவார். நான் நோட்டீஸின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன். எங்கள் மன்றம் பல வருடமாக வைத்திருந்த உறுப்பினர் பட்டியலைவிட அந்தக் காகிதம் உருப்படியாக இருந்தது.

அப்புறம் யோசித்துப் பார்த்தால் இப்படிப்பட்டவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். தினத்தந்திக்கு மும்பைப் பதிப்பு இருக்கிறது. அதை வீடு வீடாகப் போடும் பையனுக்குத் தமிழ் படிக்கிற வீடு அத்தனையும் தெரியும். மளிகைக் கடை அண்ணாச்சிக்கு இட்லி அரிசி வாங்கும் வீடுகள் தெரியும். மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கட்டி விற்கும் அம்மாவுக்கு, வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகை வாங்குகிறவர் யார் என்று தெரியும். செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் கிருத்திகைக்கு வரும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும். மாநகராட்சி நடத்தும் தமிழ் வழிப் பள்ளிகள் மும்பையில் இன்னும் இருக்கின்றன. அந்த ஆசிரியைகளுக்குப் பிள்ளைகளின் வீட்டு நிலவரம் மொத்தமும் அத்துபடி. இவர்களில் யாரிடமும் 'விளம்பரம் செய்யுங்கள்' என்று கேட்கவில்லை. 'யாரைக் கூப்பிடலாம்?' என்று கேட்டோம். இரண்டும் வேறு வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு மரியாதைத் தலையாட்டல் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கு ஆள் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்.

போகிக்கு முந்தைய இரண்டு நாள் மாட்டுங்காவிலும் தாராவி 90 அடிச் சாலையிலும் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்து இறங்கும். எங்கெங்கோ இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அங்கே வந்துதான் வாங்குவார்கள். அந்த இரண்டு நாள் மாலையில் எங்கள் ஆட்கள் இரண்டிரண்டு பேராக அங்கே நின்றார்கள். நோட்டீஸை நீட்டினால் யாரும் நிற்க மாட்டார்கள், ஏதோ இன்ஷூரன்ஸ் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். அதனால், 'கரும்பு எவ்வளவுக்குக் கொடுத்தான்?' என்று பேச்சைத் தொடங்கச் சொல்லியிருந்தேன். தமிழில் விலை கேட்டால் பதில் சொல்லாமல் போகும் தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வாட்ஸ்அப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். வாட்ஸ்அப் வேண்டும்தான். ஆனால் அதன் சில வரம்புகள் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். ஒரு செய்தியை ஒரே தடவையில் ஆள், குழு எல்லாம் சேர்த்து ஐந்துக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது. 2018இல் இந்தியாவில்தான் இந்தக் கட்டுப்பாடு முதலில் வந்தது. பல கை மாறிய செய்தி என்று இரட்டை அம்புக்குறி விழுந்துவிட்டால் அப்புறம் ஒவ்வொருவராகத்தான் அனுப்ப முடியும். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். எங்கள் செயலாளர் பிராட்காஸ்டில் பொங்கல் வாழ்த்து அனுப்பிவிட்டு, 'ஒருத்தரும் பதில் போடலையே' என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் எண்ணைப் பாதிப் பேர் சேமித்திருக்கவே இல்லை, செய்தி போகவும் இல்லை.

ஆகவே பெரிய குழுவில் ஒரு முறை போட்டுவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆள் என்று பிரித்தோம். முலுண்டுக்கு ஒருவர், சீத்தா கேம்புக்கு ஒருவர், டோம்பிவிலிக்கு இரண்டு பேர். அவர்கள் ஃபார்வர்ட் செய்யாமல், பெயர் சொல்லித் தாங்களே எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி. 'லட்சுமி அக்கா, நம்ம மன்றப் பொங்கல் விழா ஞாயிறு சாயங்காலம். உங்க வீட்டுக்கு எத்தனை இலை போடச் சொல்லட்டும்?' இவ்வளவுதான். இதில் கடைசிக் கேள்வி முக்கியம். 'வருவீர்களா?' என்று கேட்டால் 'கண்டிப்பா முயற்சி பண்றோம்' என்று பதில் வரும். அதற்கு வர மாட்டோம் என்று அர்த்தம். 'எத்தனை இலை?' என்று கேட்டால் நம் ஆட்களுக்கு எண் சொல்லாமல் இருக்க முடியாது. நாலு என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தால் நாலு பேர் சாப்பாடு வீணாகுமே என்ற கூச்சம் வந்துவிடும். சமையல்காரருக்கும் கணக்கு கிடைத்துவிடும். இதைத் தந்திரம் என்று எங்கள் பொருளாளர் சொன்னார், இருக்கட்டும்.

இன்னொரு சிக்கல், எழுத்து. இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், படிக்க வராது. அழகான தமிழில் அடுக்குமொழியில் எழுதிய அழைப்பிதழ் அவர்களுக்கு வெறும் படம். அதற்கு ஆங்கிலத்தில் அச்சடித்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். குரல் செய்தி இரண்டு தரப்பையும் சமாளித்தது. சாலில் இருக்கும் ஒரு பாட்டி, சாத்தான்குளம் பக்கம் சொந்த ஊர், கோலப் போட்டிக்கு நடுவராக இருக்கச் சம்மதித்திருந்தார். அவரையே பேசச் சொன்னோம். எழுதிக் கொடுத்ததை வாசிக்கச் சொன்னபோது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். போனை மடியில் வைத்துவிட்டு, பேத்தியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுங்கள் என்றேன்.

"ஏ மக்கா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் எல்லாரும் வந்துருங்க, என்ன? கோலம் போடத் தெரியாதுன்னு யாரும் வீட்ல இருக்கக் கூடாது. நான் சொல்லித் தாரேன். பொங்கலு உண்டு, வட உண்டு. செம்பூரு டேசன்ல எறங்கி கெழக்கால வாங்க."

பின்னால் குக்கர் விசில் சத்தமும் பதிவாகிவிட்டது. எடுத்து வெட்டலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அரை நிமிடம்கூட இல்லாத அந்தக் குரல் போன தூரம் எங்கள் வடிவமைப்பாளர் ராத்திரி கண் விழித்துச் செய்த எந்தப் படமும் போகவில்லை. விழாவன்று பாட்டியைப் பார்த்ததும் முன்பின் தெரியாத பிள்ளைகள் 'வட உண்டு பாட்டி' என்று கூப்பிட்டார்கள். அவருக்கு ஏக சந்தோஷம்.

பாட்டி சொன்ன 'கெழக்கால' என்பதைக் கவனித்தீர்களா? மும்பையில் எந்த இடத்துக்கு வழி சொன்னாலும் ஸ்டேஷனுக்குக் கிழக்கா மேற்கா என்பதுதான் முதல் தகவல். தப்பான பக்கம் இறங்கினால் பாலம் ஏறி, ஆட்டோ பிடித்து, போகிற இடமே வெறுத்துப்போகும். எங்கள் பழைய போஸ்டரில் அந்த வார்த்தையைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். ஏனென்றால் மேல் பாதி முழுக்கப் படங்கள். தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், புரவலர்கள், கௌரவ ஆலோசகர்கள், எல்லோரும் பாஸ்போர்ட் சைஸில் கோட்டு போட்டுக்கொண்டு வரிசையாக இருப்பார்கள். போனில் பார்க்கும்போது முகங்கள் மட்டும் தெரியும், நாளும் இடமும் எறும்பு மாதிரி. இதை மாற்றுவது மெகா பிளாக்கைவிடக் கஷ்டமான காரியம். புரவலர் பணம் தருகிறார், அவர் படம் இல்லாமல் எப்படி? கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். படங்கள் அத்தனையும் மேடைக்குப் பின்னால் கட்டும் பேனரில் பெரிதாக வரும். அன்று எடுக்கும் ஒவ்வொரு போட்டோவிலும் அவர்கள் இருப்பார்கள். அழைப்பில் நாலே நாலு விஷயம்: கிழமையும் நேரமும், ஸ்டேஷனும் திசையும் நடக்கும் தூரமும், என்ன நடக்கிறது, 'சாப்பாடு உண்டு'. யோசித்துப் பார்த்த புரவலர் ஒருவர், 'இது எனக்கு லாபம்தான்மா' என்று ஒத்துக்கொண்டார்.

தெருவில் பேனர் கட்டுவதை நிறுத்திவிட்டோம். அனுமதி இல்லாமல் கட்டினால் 1995ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டப்படி வழக்கு வரலாம், மாநகராட்சி வந்து அவிழ்த்துக்கொண்டும் போய்விடும். கோயில் நோட்டீஸ் போர்டு, மளிகைக் கடை உள்சுவர், சொசைட்டி அறிவிப்புப் பலகை, இங்கெல்லாம் கேட்டு ஒட்டினால் போதும். பேப்பருக்குச் செய்தி அனுப்பினால் இரண்டு வாரம் முன்பே, ஒரே பத்தியில், போன் நம்பரோடு அனுப்புங்கள். பேப்பர் பார்த்து வருகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கத்தரித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து, கடைசி வரை இருப்பவர்கள் அவர்கள்தான்.

இதெல்லாம் ஆளைக் கூப்பிடும் வேலை. வருவதற்குக் காரணம் வேண்டுமே? 'தமிழர் பண்பாட்டைப் போற்றுவோம்' என்பது நல்ல காரணம்தான். ஆனால் ஞாயிறு மாலை சோபாவிலிருந்து எழுப்பும் அளவுக்கு அதற்குச் சக்தி கிடையாது.

சென்னையிலிருந்து பிரபலம் யாரையாவது அழைக்கலாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் சொல்வார். விமான டிக்கெட், ஹோட்டல், சன்மானம் என்று பட்ஜெட்டில் பாதி போகும். செல்ஃபி எடுக்கக் கூட்டம் வரும், அவர் கார் ஏறியதும் கூட்டமும் ஏறிவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதற்குப் பதிலாக உள்ளூர் ஆட்களை வைத்தே பட்டிமன்றம் நடத்தினோம். தலைப்புக்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டோம். வழக்கம்போல 'குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா' என்று ஒருவர் ஆரம்பித்தார், அதை அங்கேயே அமுக்கினோம். கடைசியில் வந்தது இது: சேர்த்த காசில் ஊரில் வீடு கட்டுவதா, மும்பையில் ஃபிளாட் வாங்குவதா?

இந்தச் சண்டை நடக்காத மும்பைத் தமிழ் வீடு உண்டா? அப்பா ஊரில் வீடு கட்ட வேண்டும் என்பார், பிள்ளைகள் 'அங்கே யார் போய் இருக்கப்போறா?' என்பார்கள். விழாவுக்கு மூன்று வாரம் முன்பு, தேதி, இடம், மன்றத்தின் பெயர் எதுவும் போடாமல் இந்தக் கேள்வியை மட்டும் குழுக்களில் போட்டோம். அன்று ராத்திரி தூங்கப் போகும்வரை போன் அடங்கவில்லை. சீத்தா கேம்பிலிருந்து துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நாலு நிமிடத்துக்குக் குரல் செய்தி அனுப்பினார். 1976இல் ஜனதா காலனிக் குடிசைகளைக் காலி செய்து சீத்தா கேம்புக்கு அனுப்பியபோது அவருக்கு இளவயது. கையில் தகரமும் கம்புமாக வந்து இறங்கியவர், பின்னால் நாங்குநேரிப் பக்கம் மாடி வீடு கட்டியிருக்கிறார். இப்போது அந்த வீட்டில் சித்தப்பா மகனின் ஆடு கட்டிக் கிடக்கிறது. "ஆனா எந்தப் புல்டோசரும் அங்க வராது தாயி, அதுக்குத்தான் கட்டினேன்" என்று முடித்தார். அதற்கு டோம்பிவிலியிலிருந்து ஒரு பெண், ஃபிளாட்டுக்கு இருபது வருடத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர், பதில் சொன்னார்: "தாத்தா, எங்க வீட்டுக்குப் புல்டோசர் வராது, பேங்க்காரன் வருவான்." அவ்வளவுதான், கட்சி பிரிந்துவிட்டது.

ஒரு வாரம் சண்டை நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம்தான் 'மீதியை நேரில் பேசலாம்' என்று நாளும் இடமும் சொன்னோம். அந்தப் பெரியவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் பார்வையாளர் பகுதியிலிருந்து பேச ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினோம். பெரியவர் தன் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் மாமியார், நாத்தனார், ஆபீஸ் தோழிகள் என்று ஒரு பட்டாளத்தோடு வந்தார். தீர்ப்பு என்ன என்று இப்போது கேட்காதீர்கள். நடுவர் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார்.

பிள்ளைகள் நிகழ்ச்சி கூட்டம் சேர்க்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பிள்ளை மேடை ஏறினால் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வருவார்கள். ஆடி முடித்ததும் அந்த ஐந்து பேரும் எழுந்து போவார்கள், அடுத்த பிள்ளைக்குக் கைதட்ட ஆள் இருக்காது. பரிசைக் கடைசியில் வைத்துப் பிடித்து வைப்பது வழக்கமான வைத்தியம். எனக்குப் பிடிக்காது. ஏழு வயதுப் பிள்ளை தூங்கி விழும், அப்பா மனசுக்குள் திட்டுவார். நாங்கள் ஒரே பிள்ளையை முதல் பாதியில் தனியாகவும் இரண்டாம் பாதியில் குழுவிலும் வரும்படி அடுக்கினோம். நடுவில் சாப்பாட்டுப் பந்தி, அது ஓடும்போதே பட்டிமன்றம். மேடை ஏறக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு ஓவியம். வந்த எல்லா ஓவியத்தையும் ஹாலின் ஒரு சுவர் முழுக்க ஒட்டினோம், தேர்வு கிடையாது. தமிழ் வழிப் பள்ளி ஆசிரியைகள் கட்டுக் கட்டாகக் கொடுத்து அனுப்பினார்கள். தன் பிள்ளை வரைந்த மாட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க, பல குடும்பங்கள் முதல் முறையாக எங்கள் ஹாலுக்குள் கால் வைத்தன.

ஐந்து மணி என்றால் ஆறரைக்கு வரும் வழக்கத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாலரைக்கு வாசலில் கோலம் தொடங்கிவிடும். சீக்கிரம் வந்தால் சும்மா உட்கார வேண்டாம் என்று தெரிந்தால் கொஞ்சம் பேர் சீக்கிரம் வருகிறார்கள். எல்லோரும் இல்லை. முழுதாக மாற்ற யாராலும் முடியாது. ஒன்பதரைக்குள் முடித்துவிடுவோம். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பது ஒரு காரணம், மறுநாள் காலை டிபன் கட்ட வேண்டியவர்களை மேலும் உட்கார வைத்தால் பாவம் என்பது இன்னொரு காரணம்.

அக்கம்பக்கத்து மராத்திக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு அதே சமயத்தில் சங்கராந்தி. அது முதல் ரதசப்தமி வரை வீடு வீடாக ஹல்தி குங்கும் நடக்கும். பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் மஞ்சள் குங்குமம் வாங்கி, தில்குல் என்கிற எள்ளு உருண்டையும் ஏதாவது ஒரு சின்னப் பாத்திரமும் பரிசாகப் பெற்று வருவார்கள். எங்கள் பெண்களையும் கூப்பிடுவார்கள். இதனால் கூட்டம் குறைகிறது என்று சிலர் குறைப்பட்டார்கள். நான் அந்த வீடுகளுக்கே அழைப்போடு போகச் சொன்னேன். எங்கள் வாசலிலும் சந்தனம், குங்குமத்தோடு ஒரு தட்டில் தில்குல் வைத்தோம். வந்த மராத்திப் பெண்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, தாங்களும் உட்கார்ந்து ரங்கோலி போட்டார்கள். அந்தப் பெண்கள் வழியாகத்தான், கணவர் மராத்தி, மனைவி தமிழ் என்று எங்கள் பகுதியில் இருந்த இரண்டு குடும்பங்கள் எங்களுக்குத் தெரியவந்தன. அந்தத் தமிழ் மனைவியர் இருவரும் இப்போது கமிட்டியில் இருக்கிறார்கள்.

வாசலில் ஒரு கல்லூரிப் பெண்ணை நோட்டோடு உட்கார வைப்போம். பெயர், பகுதி, போன் நம்பர், அதோடு ஒரே ஒரு கேள்வி: 'யார் சொல்லி வந்தீங்க?' முகநூலா, போஸ்டரா என்று கட்டம் போட்டுக் கொடுக்கவில்லை, வாயால் சொல்வதை எழுதச் சொன்னோம். பக்கம் பக்கமாக ஆள் பெயர்கள்தான் இருந்தன. 'ரேவதி டீச்சர்', 'மாவுக் கடை அண்ணன்', 'எங்க மாமியார்', 'வட உண்டு பாட்டி'. ஒரு சிலர் போஸ்டர் என்றார்கள். அவர்களிலும் பாதிப் பேருக்கு அந்தப் போஸ்டரை அனுப்பியது யார் என்று பெயர் சொல்லத் தெரிந்தது. அடுத்த வருடம் பேனர் செலவைக் குறைக்க அந்த நோட்டைத்தான் கமிட்டிக் கூட்டத்தில் காட்டினேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்தப் பெயர்களுக்கு மறுநாள் நன்றி சொல்லிப் போன் செய்வது என் வேலை. ரேவதி டீச்சருக்குத் தன் பேச்சைக் கேட்டு ஒன்பது குடும்பம் வந்தது என்று தெரிந்தபோது, அடுத்த வருட ஓவியத்துக்குத் தலைப்பு யோசிக்க ஆரம்பித்துவிட்டார். விழாப் போட்டோக்களையும் மொத்தமாகக் குழுவில் கொட்டாமல், அவரவர் குடும்பம் இருக்கும் படத்தை அவரவருக்கு அனுப்புகிறோம். நேரம் பிடிக்கிற வேலைதான். டிவி பார்த்துக்கொண்டே செய்துவிடலாம்.

கடைசியாக, ஹால். டிசம்பர், ஜனவரியில் பள்ளிகளின் ஆண்டு விழாக்கள் வரிசையாக வரும், கல்யாண முகூர்த்தமும் சேர்ந்துகொள்ளும். ஆகஸ்டிலேயே தேதி சொல்லி முன்பணம் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். வாங்கும்போதே பக்கத்து வகுப்பறைச் சாவியும் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கூடுதல் பெஞ்சுக்கு ஒன்று, சின்னக் குழந்தைகளைத் தூங்க வைக்க ஒன்று. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று முந்தைய நாள் மாலையே யாராவது ஒருவர் போய்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும்.